வயிறு நன்றாக இருக்கும்போது மெசலசின் மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாமா?

வேண்டாம். அல்சரேடிவ் கோலைடிஸ் (பெருங்குடலின் உள்சுவரில் புண் வரும் நாள்பட்ட நோய்) அடங்கிவிட்டது, ரத்தம் போவதில்லை, தனியாரில் மருந்துக்கே மாதம் பல நூறு ரிங்கிட் போகிறது, அதனால் பாதி மாத்திரையோடு நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள். எனக்கும் இதே நோய்தான், பினாங்கில் சிகிச்சை எடுக்கிறேன். உங்கள் கவலை நன்றாகவே புரிகிறது.

ஆனால் ரத்தம் நின்றதே அந்த மாத்திரையால்தான். மெசலசின் குடலின் உள்சுவரில் பட்டுப் புண்ணை அடக்கி வைக்கிறது, நோயை வேரோடு எடுப்பதில்லை. நோய் அடங்கியிருந்த 99 பேரை 2 ஆண்டுகள் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2003இல் வெளியானது. மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல். திரும்பினால் ஸ்டீராய்டு, மறுபடி கொலோனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை), சில சமயம் வார்டு, சம்பளமில்லா லீவு. அடிக்கடி திரும்பினால் பயாலஜிக் ஊசி (நோய் எதிர்ப்பு சக்தியின் தாக்குதலைத் தடுக்கும் மருந்து) வரை போகும். அதன் விலைக்கு முன்னால் இந்த மாத்திரைச் செலவு ஒன்றுமே இல்லை. ஸ்டீராய்டு மலிவு என்று அதையே தொடர்ந்து போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். கேட்டாலே பதறுகிறது. எலும்பு, சர்க்கரை, கண் என்று எல்லாவற்றையும் பாதிக்கும். நோயை நீண்ட நாள் அடக்கி வைக்கவும் அது உதவாது.

சரி, செலவுக்கு என்ன வழி? பணம் கட்டுப்படியாகவில்லை என்று ஸ்பெஷலிஸ்டிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நம் ஆட்கள் டாக்டரிடம் வலியைச் சொல்வார்கள், பணக்கஷ்டத்தைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். நான் சொன்னதும் என் டாக்டரே அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். தனியார் கடிதம் என்பதால் முதல் தடவை 30 ரிங்கிட், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 5 ரிங்கிட், மருந்தும் அதிலேயே அடக்கம். இது குடிமக்களுக்கான கட்டணம். முதல் தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம். அதுவரை தனியாரில் வாங்குவதை நிறுத்தாதீர்கள், மருந்தில் இடைவெளி விழக் கூடாது. சேர்ந்த பிறகு, மாதாமாத மருந்தைத் தபாலில் அனுப்புவார்களா என்று பார்மசி கவுன்டரில் கேளுங்கள். அதற்காக லீவு போட வேண்டியிருக்காது.

அப்புறம், மூன்று வேளை பிரித்து எடுக்கிறீர்கள் என்றால் ஒரே வேளையாக எடுக்கலாமா என்றும் கேளுங்கள். நோயை அடக்கி வைப்பதில் பலன் ஒன்றுதான், மறதியும் குறையும். புண் மலக்குடலில் மட்டும் என்றால் ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்தே சிலருக்குப் போதும். டோஸைக் குறைக்கலாம் என்று டாக்டரே நினைத்தால், மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) அளவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.

குரோன்ஸ் நோய் (இன்னொரு வகைக் குடல் அழற்சி) உள்ளவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மெசலசின் பெரிதாக உதவுவதில்லை, மருந்துகள் வேறு.