சீருடையில் அரசர்: பழைய படம் வாங்கும் முன்

பழைய அரச குடும்பத்துப் படங்களைச் சேகரிக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை.

கேள்வி: தாடி வைத்த ஒருவர் ஜெர்மன் ராணுவச் சீருடையில் நிற்கும் படம் விலைக்கு வந்திருக்கிறது. "ஜெர்மன் இளவரசர்" என்கிறார் விற்பவர். எனக்கு முகம் பிரிட்டன் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் மாதிரி இருக்கிறது. அவர் எதற்கு ஜெர்மன் உடுப்பில் நிற்க வேண்டும்?

பதில்: நிற்பார். முதல் உலகப் போருக்கு முன்பு ஒரு நாட்டு அரசரை இன்னொரு நாட்டு ரெஜிமெண்ட்டுக்குக் கௌரவத் தலைவராக்குவது வழக்கம். விருந்தாளியாகப் போகிறவர் அந்த நாட்டுச் சீருடையைப் போட்டுக்கொள்வதுதான் மரியாதை. 1913 மே மாதம் கெய்சர், அதாவது ஜெர்மன் பேரரசர், இரண்டாம் வில்ஹெல்மின் மகள் திருமணத்துக்கு பெர்லின் போன ஐந்தாம் ஜார்ஜும் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸும் ஜெர்மன் சீருடையிலேயே சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். கெய்சரோ 1894 முதல் பிரிட்டனின் முதலாம் ராயல் டிராகூன்கள் என்ற குதிரைப்படை ரெஜிமெண்ட்டின் கௌரவத் தலைவர். நிக்கோலஸுக்கு அதே ஆண்டில் ராயல் ஸ்காட்ஸ் கிரேஸ் ரெஜிமெண்ட்டின் கௌரவத் தலைமை கிடைத்தது. சீருடையைப் பார்த்து ரெஜிமெண்ட்டைச் சொல்லலாம், ஆளின் நாட்டைச் சொல்ல முடியாது.

ஜார்ஜா நிக்கோலஸா என்பதை முகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இருவரின் தாய்மாரும் டென்மார்க்கில் பிறந்த அக்கா தங்கை. பிள்ளைகளை நேரில் பார்த்தவர்களே ஆள் மாற்றிப் பேசும் அளவுக்குச் சாயல் இருந்தது. உடுப்பைப் பாருங்கள். ஜெர்மன் பேரரசின் பெரிய மாநிலமான பிரஷ்யாவில் நிக்கோலஸுக்கு 8ஆம் ஹுசார் ரெஜிமெண்ட், ஜார்ஜுக்கு 8ஆம் குராசியர் ரெஜிமெண்ட். இரண்டும் குதிரைப்படை வகைகள். முழு அலங்கார ஹுசார் சட்டையில் மார்புக்குக் குறுக்கே கயிற்றுப் பின்னல் வரிசை வரிசையாகப் போகும். பிரஷ்யச் சட்டையில் ஐந்து, பிரிட்டிஷ் சட்டையில் ஆறு. குராசியர் சட்டையில் குறுக்குப் பின்னலே கிடையாது. முன்பக்க விளிம்பில் அகலப் பட்டி மேலிருந்து கீழே ஓடும்.

ரஷ்யச் சீருடை என்றால் தோள்பட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். தந்தை 1894இல் இறந்தபோது நிக்கோலஸ் கர்னலாக இருந்தார். பேரரசரான பிறகும் ரஷ்யப் படையில் கடைசிவரை அந்தப் பதவியிலேயே நின்றார். அவர் தோளில் நட்சத்திரம் இல்லாமல் இரண்டு நீளக் கோடுகள் இருக்கும், கூடவே தந்தை மூன்றாம் அலெக்ஸாண்டரின் முத்திரை எழுத்து. தோள்பட்டை முழுக்க வளைந்து வளைந்து போகும் சரிகை இருந்தால் அது ஜெனரலுடையது. அந்தப் படத்தை நிக்கோலஸ் என்று விற்றால் வாங்க வேண்டாம்.

இன்னொரு பொறி: பிரிட்டிஷ் சீருடையில் இரட்டைத் தலைக் கழுகுச் சின்னம் இருந்தால் உடனே "ஆஸ்திரியா" என்று எழுதிவிடுகிறார்கள். ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் 1896இல் முதலாம் கிங்ஸ் டிராகூன் கார்ட்ஸுக்குக் கௌரவத் தலைவரானார். அந்த பிரிட்டிஷ் ரெஜிமெண்ட் அவருடைய கழுகையே தன் சின்னமாக்கிக்கொண்டது.

கேள்வி: பிரிட்டிஷ் குதிரைக் காவல்படை அதிகாரி ஒருவரின் படம், 1880களில் எடுத்தது. சட்டை கறுப்பாகத் தெரிவதால் "கருநீலச் சட்டை, ராயல் ஹார்ஸ் கார்ட்ஸ்" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: சட்டையின் கருமையை மட்டும் வைத்து நம்ப முடியாது. அந்தக் காலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு நன்றாக வேலை செய்யும், சிவப்புக்கு அநேகமாக வேலையே செய்யாது. கருஞ்சிவப்பு கறுப்பாக விழும், ஆரஞ்சும் மஞ்சளும் இருண்டுபோகும், வெளிர் நீலம் வெள்ளையாகவே வந்துவிடும். எல்லா நிறத்துக்கும் இசையும் தகடுகள் 1906இல்தான் கடைக்கு வந்தன. அதன் பிறகும் பல ஸ்டூடியோக்கள் பழையதையே பயன்படுத்தின.

அதனால் அதே காவல்படையின் இன்னொரு ரெஜிமெண்ட்டான லைஃப் கார்ட்ஸின் சிவப்புச் சட்டையும் ராயல் ஹார்ஸ் கார்ட்ஸின் கருநீலச் சட்டையும் படத்தில் ஒரே கறுப்பு. தலைக்கவசக் குஞ்சத்தைப் பாருங்கள். லைஃப் கார்ட்ஸ் அதிகாரிக்கு வெள்ளைக் குஞ்சம், அது வெள்ளையாகவே விழும். ராயல் ஹார்ஸ் கார்ட்ஸுக்குச் சிவப்பு, அது கறுத்துத் தெரியும்.

மார்பின் குறுக்கே போகும் பட்டுப் பட்டைக்கும் இதே கணக்குதான், ஆனால் அங்கே தோளும் உதவும். பிரிட்டனின் கார்ட்டர் விருதின் நீலப் பட்டை இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு இறங்கும். ரஷ்யாவின் புனித ஆண்ட்ரூ விருதின் வெளிர் நீலப் பட்டை வலது தோளிலிருந்து இறங்கும், படத்தில் வெள்ளைத் துணி போலவே இருக்கும். பிரஷ்யாவின் கருங்கழுகு விருதுக்கு ஆரஞ்சுப் பட்டை. அதுவும் இடது தோள்தான், ஆனால் இருண்டு விழும்.

கையால் வண்ணம் தீட்டிய பிரதியையோ கணினியில் வண்ணமேற்றிய பிரதியையோ இதற்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது. தீட்டியவர் தனக்குத் தோன்றிய நிறத்தைப் போட்டிருப்பார்.

கேள்வி: காலர் சின்னம் மங்கிப்போன படங்களில் பிரிட்டிஷ் ஃபுட் கார்ட்ஸில் (அரச காலாட்காவல் படை) எந்த ரெஜிமெண்ட் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: பொத்தான்களை எண்ணுங்கள், சின்னத்தைவிட நம்பகமானது. சட்டையின் முன்பக்கத்தில் சம இடைவெளியில் ஒவ்வொன்றாக இருந்தால் கிரெனடியர், இரண்டிரண்டாக இருந்தால் கோல்ட்ஸ்ட்ரீம், மும்மூன்றாக ஸ்காட்ஸ், நான்கு நான்காக ஐரிஷ், ஐந்தைந்தாக வெல்ஷ். ஐரிஷ் கார்ட்ஸ் தொடங்கியது 1900இல், வெல்ஷ் கார்ட்ஸ் 1915இல். பொத்தான்கள் நான்கு நான்காக இருக்கும் படத்தின் பின்னால் "1895" என்று எழுதியிருந்தால் அந்தக் குறிப்பு தவறு. பிற்கால எட்டாம் எட்வர்ட் வேல்ஸ் இளவரசராக 1914இல் கிரெனடியரில் சேர்ந்தார், 1919இல் வெல்ஷ் கார்ட்ஸின் கர்னலானார். அவர் படங்களை வரிசைப்படுத்த இதுவே போதும்.

தோளில் பதவிச் சின்னம் தெரிந்தால் காலமும் கிடைக்கும். 1902 வரை பிரிட்டிஷ் கேப்டனுக்கு இரண்டு நட்சத்திரம், அதன் பிறகு மூன்று. இதைக் கவனிக்காமல் கேப்டனை லெஃப்டினன்ட் ஆக்கிவிட்டு, "இந்த இளவரசராக இருக்க முடியாது" என்று நல்ல படத்தைக் கைவிட்டவர்கள் உண்டு.

எதையும் முடிவு செய்யும் முன் படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். உலோகத் தகட்டில் எடுத்த பழைய படவகைகளான டாகுரியோடைப், டின்டைப் இரண்டும் கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பியே வரும். காகிதப் பிரதியிலும் நெகட்டிவைப் புரட்டி அச்சடித்திருக்கலாம். பதக்கங்கள் இடது மார்பிலும் வாள் இடது இடுப்பிலும் இருக்க வேண்டும். கெய்சர் வில்ஹெல்முக்கு இடது கை குட்டை. சரியான பிரதியில் அது உங்கள் வலப்பக்கம் தெரியும்.

கேள்வி: ஹுசார் சட்டையும் நீளப் பாவாடையுமாக ஓர் இளம்பெண். மாறுவேட விருந்துப் படமா?

பதில்: அப்படிச் சொல்லி விலை குறைத்து விற்றால் உங்கள் அதிர்ஷ்டம். நிக்கோலஸின் மகள் ஓல்கா 3ஆம் எலிசவெத்கிராட் ஹுசார்களுக்கும், தத்தியானா 8ஆம் வோஸ்னெசென்ஸ்கி உலான்களுக்கும் (ஈட்டிக் குதிரைப்படை) கௌரவத் தலைவிகள். கெய்சரின் மகள் விக்டோரியா லூயிஸுக்கு பிரஷ்யாவின் இரண்டாம் லைஃப் ஹுசார். தொப்பியில் மண்டையோட்டுச் சின்னம் இருக்கும்.

கேள்வி: ஆள் யார் என்று உறுதியாகிவிட்டது. படம் அசல்தானா, பிற்காலப் பிரதியா?

பதில்: முதலில் அளவெடுங்கள். அந்தக் காலத்தில் படங்களை ஒட்டிய அட்டைகளில் சின்னதான கார்ட்-டி-விசிட் அட்டை சுமார் 63 × 100 மில்லிமீட்டர், கேபினெட் அட்டை சுமார் 108 × 165. அடுத்து பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பால் முகத்தைப் பாருங்கள். ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்தது, புகைப்படம் அல்ல. புள்ளி இல்லாமல் முகம் மட்டும் மழுங்கியிருந்தால், இன்னொரு அட்டையைப் படமெடுத்துச் செய்த நகலாக இருக்கலாம். ஓரத்தில் பழைய அட்டையின் விளிம்பு நிழல் தெரிகிறதா பாருங்கள்.

இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். காகிதம் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது 1950களுக்குப் பிந்தைய தாள். அட்டையையும் அதில் ஒட்டிய படத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். உண்மையான பழைய அட்டையில் புதுப் பிரதியை ஒட்டி விற்பதுதான் அதிகம் நடக்கிறது.

கையெழுத்து இருந்தால் படத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். மை என்றால் கோடு மேற்பரப்பின்மேல் தனியாகப் படிந்திருக்கும். நெகட்டிவில் எழுதி அச்சடித்தது படத்தோடு ஒரே பளபளப்பில் கலந்திருக்கும். ஸ்டூடியோ பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். லண்டன் டௌனி, லஃபாயெட், பீட்டர்ஸ்பர்க் புவாசொனா எக்லர் ஆகியவை அரச குடும்பத்தைப் படமெடுத்த பெயர்கள்தான், ஆனால் அரச படங்களைப் பொதுமக்களுக்கும் ஏராளமாக விற்றார்கள். பெயர் இருப்பதால் அபூர்வம் ஆகிவிடாது.

தொலைவிலிருந்து வாங்குகிறீர்கள் என்றால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 600 டிபிஐயில் ஸ்கேன் கேளுங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த ஒரு படமும் கேளுங்கள். "இன்னார் என்று கருதப்படுகிறது" என்று எழுதினால் பெயர் தெரியாத அதிகாரியின் படத்துக்கு உண்டான விலையை மட்டும் சொல்லுங்கள். "இன்னார்தான்" என்றால், ஆள், ரெஜிமெண்ட், ஆண்டு மூன்றையும் ரசீதில் எழுதி, தவறென்று தெரிந்தால் பணம் திருப்பித் தருவதாகவும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.