தொண்டு செய்ய நினைப்பவர்கள் கேட்டவை: கொட்டாஞ்சேனைக் குடும்ப வைத்தியரின் பதில்கள்

கொட்டாஞ்சேனையில் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். மாலையில் டிஸ்பென்சரி, ஞாயிறு காலையில் வடகொழும்புத் தோட்டங்களில், அதாவது ஏழைகளின் நெருக்கமான குடியிருப்புகளில், சில நண்பர்களோடு தொண்டு வேலை. இரண்டையும் எப்படிச் சேர்த்து நடத்துவது, மற்றவர்கள் எப்படி உதவலாம் என்று பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மருத்துவபீட மாணவி, கொழும்பு: டொக்டர், நானும் குடும்ப வைத்தியராக வர ஆசைப்படுகிறேன். பிராக்டிஸும் சமூக வேலையும் சேர்ந்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடாதா?

நேரத்தைப் பிரித்து வைக்காவிட்டால் கட்டாயம் ஆகும், மகள். டிஸ்பென்சரி நேரத்தில் தொண்டு வேலைக்கு இடமில்லை என்பதுதான் என் முதல் விதி. எந்தச் சங்கம் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை நான் வரமாட்டேன். முகத்துவாரத்தில் இருந்து காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்த தாய், டொக்டர் மேடையில் பேசப் போய்விட்டார் என்று கேட்டுத் திரும்பிப் போகக் கூடாது.

இன்னொன்று. பாட்டிக்குப் பிரசர், மகனுக்குக் குடி, மருமகளுக்கு இரத்தச்சோகை, பேரப்பிள்ளைக்கு வீசிங். இந்த நாலும் ஒரே வீட்டுக்குள் எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்று அந்த வீட்டின் குடும்ப வைத்தியருக்குத்தான் தெரியும். யார் சீனி வருத்தத்து மாத்திரையைப் பாதியாக உடைத்து மாதக் கடைசி வரை இழுக்கிறார் என்பதும் அங்கேதான் தெரியவரும். எங்கே உதவி தேவை என்பதை எனக்குக் காட்டுவது என் டிஸ்பென்சரிதான். அதை விட்டுவிட்டுத் தொண்டுக்குப் போனால் கண்ணைக் கட்டிக்கொண்டு போவதுபோல.

படிப்பைப் பொறுத்தவரை, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் குடும்ப மருத்துவத்துக்கு டிப்ளோமாவும் எம்.டி.யும் இருக்கின்றன. எம்.பி.பி.எஸ். போதும் என்று நிறுத்திவிடாதீர்கள்.

வத்தளை வாசகர்: காசில்லாதவர்களிடம் என்ன செய்வீர்கள்? இலவசம் என்றால் எல்லோரும் அதையே கேட்கமாட்டார்களா?

'இலவசம்' என்று நான் போர்ட் போட்டதில்லை. வெளியே நம்பர் கொடுக்கும் பிள்ளை கட்டணத்தைக் கேட்டு வாங்குவதில்லை. பார்த்து முடிந்து போகும்போது ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். யார் எவ்வளவு போட்டார், போடவில்லை என்பது வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது. இருக்கிறவர்கள் போடுகிறார்கள், இல்லாதவர்கள் தலைகுனியாமல் போகிறார்கள். ஏமாற்றுபவர்கள் மிகக் குறைவு. அந்தச் சிலரைப் பிடிப்பதற்காக மற்ற எல்லோரையும் கூசவைக்க எனக்கு மனமில்லை.

புறக்கோட்டை வியாபாரி: எங்கள் கோயில் திருவிழாவோடு ஒரு இலவச மருத்துவ முகாம் நடத்த நான் செலவு செய்யத் தயார். எப்படிச் செய்தால் நல்லது?

ஐயா, உங்கள் மனசு பெரியது. ஆனால் நீங்கள் வழக்கமாகப் பார்த்திருக்கும் முகாமை நடத்தாதீர்கள் என்றுதான் சொல்வேன். பந்தல் போட்டு, விரலில் குத்திச் சீனி பார்த்து, ஒரு பை மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்த மாத்திரை பத்து நாளில் முடியும். அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்கே போவார்? சீனி வருத்தமும் பிரசரும் சாகும்வரை கூடவே வரும் வருத்தங்கள். ஒரு நாள் மருந்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. 'எனக்குத்தான் மருந்து தந்துவிட்டார்களே' என்று அவர் வேறெங்கும் போகாமல் இருந்துவிட்டால் கெடுதியாகவும் முடியும்.

அதோடு, பிரசாதம் சாப்பிட்ட கையோடு பார்க்கும் சீனி அளவை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. வெறும் வயிற்றில் டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்து, மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால்தான் நோய் என்று சொல்வோம்.

நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டவும் மருந்தெடுக்கவும் காசு தேவையில்லை. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இருக்கின்றன. அங்கே சீனி, பிரசர், எடை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். பெண்களுக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவுகளில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்கும் பாப் பரிசோதனையும் அங்கே உண்டு. கொழும்பு மாநகர சபைக்கே இலவச மருந்தகங்கள் இருக்கின்றன. இவ்வளவும் இருந்தும் நம் சனங்களில் பலர் போவதில்லை. காரணம் கேட்டுப் பாருங்கள்: ஒரு நாள் கூலி போகும், ஓட்டோக் காசு இல்லை, சிங்களம் தெரியாது, எந்தக் கதவுக்குப் போவதென்று தெரியாது. உங்கள் பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

முகாமை வையுங்கள். பார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி கொடுங்கள். அளவுகளை அதில் எழுதி, எந்தக் கிளினிக்குக்கு எந்த நாளில் போகவேண்டும் என்று கடிதமும் கொடுங்கள். முதல் இரண்டு முறை போய்வரச் செலவைக் கையில் கொடுங்கள். இரண்டு கிழமை கழித்து ஒருவர் போன் எடுத்து, போனீர்களா என்று விசாரிக்கட்டும். முந்நூறு பேரைப் பார்ப்பதைவிட அறுபது பேரைப் பார்த்து அறுபது பேரையும் கிளினிக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அதுதான் முகாம். மிச்சக் காசில் வயதானவர்களுக்கு மூக்குக்கண்ணாடி செய்து கொடுங்கள். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் தையல் வேலையை விட்ட அம்மாவுக்கு அது பிழைப்பையே திருப்பிக் கொடுக்கும்.

டொரொன்டோ வாசகி: 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துப் பெட்டிகள் அனுப்பினோம். இப்போதும் அனுப்பலாமா?

அந்த வருடம் நீங்களெல்லாம் செய்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆஸ்பத்திரிகளில் சத்திரசிகிச்சைகளைத் தள்ளிப்போட்ட நாட்கள் அவை. ஆனால் இப்போது, தனிப்பட்ட முறையில் மருந்துப் பெட்டி வேண்டாம் அக்கா. வீட்டில் மிஞ்சிய மாத்திரை, பாதி பாவித்த போத்தல், அங்கே மட்டும் இருக்கும் பிராண்ட் எல்லாம் கலந்து வந்தால், பிரித்துப் பார்க்கும் வேலையே ஒரு ஆளுக்குப் பெரிய சுமை. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டலும் தெளிவாகச் சொல்கிறது: பெறுபவர் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும், வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது காலாவதித் திகதி மிச்சமிருக்க வேண்டும், நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தாக இருக்கக் கூடாது. இங்கே மருந்து இறக்குவதற்குத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும்.

பணமாக அனுப்பினால் அதே மருந்தை ஒசுசல என்ற அரச மருந்துக்கடைகளில் வாங்கலாம். பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று 1971ல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் கடைகள் அவை. விலை உயர்ந்த பிராண்டைத் துரத்தாமல், மருந்தின் சொந்தப் பெயரில் தரமானதைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கொடுப்பது அவர் காட்டிய வழி. உங்கள் ஒரு டொலர் அங்கே வெகு தூரம் போகும்.

மட்டக்குளி அம்மா: டொக்டர்மார் எழுதும் இரத்தப் பரிசோதனைகளுக்குக் காசு கட்ட முடியவில்லை. சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

சொல்லுங்கள் அம்மா. 'டொக்டர், இது இப்பவே செய்யணுமா, ஆஸ்பத்திரியில செய்யலாமா?' இவ்வளவு கேட்டால் போதும். நல்ல டொக்டர் கோபிக்கமாட்டார். எது இன்றைக்கே வேண்டும், எது அடுத்த கிளினிக் வரை காத்திருக்கலாம் என்று பிரித்துச் சொல்வார். நீங்கள் சொல்லாமல் போய் டெஸ்டையும் செய்யாமல் மருந்தையும் நிறுத்திவிடுவதுதான் எங்களுக்குப் பெரிய பயம். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு பையில் போட்டு எங்கே போனாலும் கொண்டு போங்கள். ஒரே டெஸ்டைத் திரும்பத் திரும்ப எழுதுவது அதனால் குறையும்.

தெஹிவளை வாசகர்: தொண்டு நிதிக்குக் காசு தருகிறேன். யாருக்கு உதவினீர்கள் என்று பெயர், படத்தோடு விபரம் தருவீர்களா?

தரமாட்டேன். கணக்குத் தருவேன். எத்தனை பேருக்கு, எதற்கு, எவ்வளவு என்று ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு இருக்கும். ஆனால் நோயாளியின் பெயரும் முகமும் நன்கொடைக்கு ஈடாகக் கொடுக்கக் கூடியவை அல்ல. அவர் என்னிடம் வந்தது வருத்தத்துக்கு. காசநோய் மருந்து எடுக்கும் பிள்ளையின் படம் முகநூலில் வந்தால் அவளுக்கு வரன் பேசும்போது யார் பதில் சொல்வது? உலர் உணவுப் பொதியைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்துப் படம் எடுக்கும் வழக்கத்தை நம் சங்கங்கள் எல்லாமே நிறுத்த வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

புதிதாகச் சங்கம் தொடங்குபவர்கள் சிலரும் கேட்டிருந்தார்கள். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, வருடாவருடம் கணக்காய்வு. டொக்டர் சங்கத்தில் இருந்தால் அவருடைய டிஸ்பென்சரியிலோ அவருக்குப் பங்குள்ள லாபிலோ சங்கத்தின் காசில் எதுவும் வாங்கக் கூடாது. எங்கள் நிதியில் நான் கையெழுத்திடுவதில்லை.

ஒரு டொக்டரின் மனைவி, வெள்ளவத்தை: அவர் நல்ல மனிதர். ஆனால் பிராக்டிஸ், சங்கம், கோயில் என்று வீட்டில் இருப்பதே இல்லை. பிள்ளைகள் கேட்கிறார்கள். அவரிடம் எப்படிச் சொல்வது?

தங்கச்சி, ஊருக்குச் செய்பவரை எப்படித் தடுப்பது என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. தயங்காதீர்கள். களைத்துப்போன டொக்டர் மருந்தளவைப் பிழையாக எழுதுவார், நோயாளி சொல்வதைப் பாதியில் வெட்டுவார். அவர் ஓய்வெடுப்பது நோயாளிக்கும் நல்லது என்று சொல்லுங்கள், அது அவருக்கு ஏறும். கிழமையில் ஒரு மாலையும் ஒரு முழு நாளும் வீட்டுக்கு என்று இப்போதே நாட்குறிப்பில் எழுதிவிடச் சொல்லுங்கள். சங்கத்தில் அவர் இல்லாமல் எந்த வேலை நின்றுபோகிறதோ அந்த வேலையை உடனே இன்னொருவருக்குப் பழக்க வேண்டும். ஒரே ஆளில் தொங்கும் தொண்டு அந்த ஆள் விழுந்ததும் விழும். அவர் அதற்கும் கேட்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், நானே அவரோடு பேசுகிறேன்.

பம்பலப்பிட்டி மாணவர்: நம் நாட்டில் இப்படி முன்மாதிரியான வைத்தியர்கள் யார்?

எனக்குப் பிடித்தவர் டொக்டர் மேரி ரட்ணம். கனடாவில் பிறந்து, தமிழரைத் திருமணம் செய்து, கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தவர். தன்னிடம் வரும் பெண்களின் வருத்தங்களில் பாதி வறுமையாலும் அறியாமையாலும் வருகிறது என்று கண்டபின், மருந்தோடு நிற்கவில்லை. 1930ல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கிக் கிராமத்துப் பெண்களுக்குச் சுகாதாரமும் கைத்தொழிலும் கற்றுக்கொடுக்க வழிசெய்தார். 1958ல் மகசேசே விருது கிடைத்தது. டொக்டர் ஹட்சன் சில்வா 1961ல் கண்தானச் சங்கத்தைத் தொடங்கினார். இலங்கையர் கொடுத்த கண்களால் எத்தனையோ நாடுகளில் பார்வை கிடைத்திருக்கிறது. 1847ல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீனையும் சொல்ல வேண்டும். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கினார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கொம்பனித்தெரு: என்னிடம் பணமில்லை. பென்சன் மட்டும்தான். நான் என்ன செய்யலாம்?

சேர், வந்த கேள்விகளிலேயே இதுதான் எனக்கு அதிகம் சந்தோஷம் தந்தது. உங்களுக்குச் சிங்களம் வரும் என்று நினைக்கிறேன். கிழமையில் ஒரு நாள் காலை நேரத்தைத் தாருங்கள். ஹட்டனில் இருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண், கடையில் நிற்கும் பையன், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர் ஆகியோருக்குப் பெரியாஸ்பத்திரி ஒரு பெரிய காடு. விடிவதற்கு முன்பே போய் நம்பர் எடுக்க வேண்டும். எந்தக் கட்டிடம், எந்த அறை என்று தெரிய வேண்டும். டொக்டர் சிங்களத்தில் கேட்பதற்கு நெஞ்சு எப்படி வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் 'ஓ, ஓ' என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள். வலி எப்போது வரும், எங்கே பரவும் என்பதை வைத்துத்தான் நாங்கள் பாதி நோயைக் கண்டுபிடிப்போம். அது போய்ச் சேராவிட்டால் எந்த மெஷினும் உதவாது.

கூடப் போங்கள். அவர் சொல்வதை அப்படியே சொல்லுங்கள், நீங்களாக எதுவும் சேர்க்க வேண்டாம். மருந்து வாங்கியதும் ஒவ்வொரு உறையிலும் காலை, பகல், இரவு என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். எழுத்துத் தெரியாதவருக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள். அடுத்த கிளினிக் திகதியை அவருடைய போனில் போட்டு வையுங்கள். அவர் சொன்ன வருத்தத்தை வெளியே ஒருவரிடமும் பேசாதீர்கள். எங்கள் குழுவில் காசு கொடுப்பவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். இப்படிக் கூடப் போகிறவர்கள் மிகக் குறைவு.

புளூமெண்டல் இளைஞர் கழகம்: இரத்ததானம் செய்யவும் டெங்கு வேலை செய்யவும் ஆசை. என்ன கவனிக்க வேண்டும்?

இரத்தம் கொடுக்க 18 வயதுக்கு மேல், எடை 50 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் நாலு மாதம் இடைவெளி. நாரஹேன்பிட்ட இரத்த வங்கியோடு பேசினால் அவர்களே வந்து நடத்துவார்கள்.

டெங்குக்கு, மழைக்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை பீலி, பூச்சாடித் தட்டு, பழைய டயர், கட்டிட வேலை நடக்கும் இடம் எல்லாம் பாருங்கள். பீ.எச்.ஐ.யோடு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சேர்ந்தே போங்கள். 2017ல் நாடு முழுக்க 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது. மழையோடு அது திரும்பத் திரும்ப வரும். வீடு வீடாகப் போகும்போது ஒவ்வொரு தாயிடமும் இதைச் சொல்லுங்கள்: காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும்தான், அஸ்பிரினும் புரூஃபனும் (இபுபுரோஃபன்) கொடுக்கவே கூடாது. மூன்றாம் நாளுக்குள் டொக்டரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காய்ச்சல் விட்டதும் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கக் கூடாது, பலருக்கு அப்போதுதான் நிலைமை மோசமாகத் தொடங்கும். வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் குளிர்தல், சலம் (சிறுநீர்) குறைதல், தலைச்சுற்று இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. ஓட்டோ கிடைக்காவிட்டால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை.