எட்டுக் கோடி வீட்டில் ஜன்னல் இல்லாத அறை: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 30, 35 வயதுக்காரர்கள் எழுதியவை. சென்னையில் 5 கோடிக்கு மேல் வீடு தேடுகிறவர்கள். இவர்களுடைய அப்பாக்கள் போட் கிளப், நுங்கம்பாக்கம் என்று முகவரியைத் தேடினார்கள். இவர்கள் கதவை மூடி வேலை செய்ய ஓர் அறை, உயரமான கூரை, சத்தம் புகாத படுக்கையறை ஆகியவற்றைத் தேடுகிறார்கள். நல்ல தேடல்தான். ஆனால் அளவு விஷயத்தில் மட்டும் இன்னமும் விளம்பரத் தாளை நம்புகிறார்கள்.

கோட்டூர்புரத்தில் 4,000 சதுர அடி பிளாட், 8 கோடி. உடனே 2 கோடி முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

4,000 என்பது எந்த ஏரியா? கார்பெட் ஏரியா, அதாவது வெளிச்சுவர்களுக்கு உள்ளே நீங்கள் புழங்கும் பரப்பு, எழுதாமல் கேள்வி அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! லாபி, மாடிப்படி, லிஃப்ட், கிளப் ஹவுஸ் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துத்தான் 4,000 என்றிருப்பார்கள். வீட்டுக்குள் நாடா பிடித்தால் 2,700, 2,800 தேறும். சதுர அடி 20,000 என்று நீங்கள் நினைப்பது உண்மையில் 29,000 பக்கம் வரும். முன்பண விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க ரேரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அனுமதிக்காது. உங்களுக்கு அது 80 லட்சம். 2 கோடி கேட்பவரிடம் முதலில் ரேரா பதிவு எண்ணைக் கேளுங்கள்.

ஓ.எம்.ஆரில் 22ஆவது மாடி, மேற்கு பார்த்த ஹால், தரை முதல் கூரை வரை கண்ணாடி. வாங்கலாமா?

மே மாதம் மதியம் 3 மணிக்குப் போய், ஏசியை அணைத்துவிட்டு அரை மணி நேரம் அங்கே நில்லுங்கள். மேற்கு வெயில் சாய்ந்து வரும், தலைக்கு மேல் சன்ஷேடு போட்டுப் பயனில்லை. கண்ணாடிக்கு வெளியே செங்குத்துத் தடுப்பு வேண்டும். உள்பக்கம் திரை போட்டால் போதாது, சூடு அதற்கு முன்பே கண்ணாடியைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிடும்.

சமையலறைக்குப் பின்னால் 6க்கு 5 அடியில் பணியாளர் அறை, ஜன்னல் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் இரவும் தங்குவார். அதைக் காலணி அறையாக மாற்றிவிட்டு அவரை ஹாலில் படுக்கச் சொல்லலாமா?

கூடாது. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை, இந்த அறையை வரைந்து கொடுத்தவர்மேல்தான் எனக்கு முதல் கோபம். சில மாதங்களுக்கு முன் இதே போன்ற ஓர் அறையை அளந்தேன். கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கிறது. தலைமாட்டில் கழிப்பறைக் கதவு, கால்மாட்டில் வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் குழாய். ஃபேன் மாட்டக் கொக்கி இல்லை, செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக் பாயின்ட் இல்லை. அதே வீட்டில் உடைகள் வைக்கும் அறை மட்டும் 120 சதுர அடி, அதற்கு ஜன்னலும் உண்டு! கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு, வீட்டோடு தங்கும் அந்த ஒருவரை நம்பித்தான் நடக்கிறது. உங்கள் குழந்தையை இரவு முழுக்கப் பார்த்துக்கொள்கிறவர் காற்றில்லாத பெட்டிக்குள் எப்படித் தூங்குவார்?

வழி இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் உடை அறை இருந்தால் அதைச் சுருக்கி, அதன் ஜன்னலோடு சேர்த்து 10க்கு 8 அடியில் ஓர் அறை எடுங்கள். ஜன்னல் வெளிக்காற்றுக்குத் திறக்க வேண்டும், குழாய்கள் ஓடும் டக்ட்டுக்கு அல்ல. ஃபேன், இரண்டு பிளக் பாயின்ட், ஓர் அலமாரி, உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள், வெந்நீர் வரும் கழிப்பறை ஆகியவை கட்டாயம். சுவரை இடிக்கும் முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் காட்டுங்கள். புதிய அடுக்குமாடிகள் பலவற்றில் உள்சுவர்களும் கான்கிரீட்தான், கட்டிடத்தைத் தாங்குபவை. அவற்றில் கை வைக்கக் கூடாது. இன்னும் கட்டத் தொடங்காத வீடு என்றால் வரைபட நிலையிலேயே கேட்டு வாங்குங்கள். “யாரும் கேட்பதில்லை சார்” என்றுதான் பில்டர்கள் என்னிடம் சொல்கிறார்கள். நீங்கள் கேளுங்கள்.

விற்பவர் சிங்கப்பூரில் குடியிருக்கிறார். விலையில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி (டி.டி.எஸ்.) 1 சதவீதம் பிடித்தால் போதும்தானே?

போதாது. அது இந்தியாவில் வசிப்பவரிடம் வாங்கும்போது. உங்கள் விஷயத்தில் விகிதம் 10 சதவீதத்துக்கு மேல் போகும். குறைத்துப் பிடித்தால் வரித்துறை உங்களைத்தான் கேட்கும். ஆடிட்டரைப் பார்க்காமல் காசோலை எழுதாதீர்கள்.

விளக்கு, திரை, ஏசி எல்லாவற்றையும் செல்போனில் இயக்கும் வசதி வேண்டுமா?

வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு விளக்குக்கும் சுவரில் சாதாரண ஸ்விட்ச் ஒன்று இருக்கட்டும்.

ஈ.சி.ஆரில் கடலைப் பார்த்த வில்லா. எதைக் கவனிக்க வேண்டும்?

உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறி வரும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் கட்டுவதற்கான அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அடுத்தது உப்புக்காற்று. பக்கத்தில் நான்கைந்து வருடம் ஆன வீடு ஒன்றுக்குப் போய்க் கதவுக் கீலையும் ஏசியின் வெளி யூனிட்டையும் பாருங்கள், துரு எல்லாவற்றையும் சொல்லும். கைப்பிடி, கீல் எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 அங்கே தாங்காது.

சமையல் மேடைக்கு இத்தாலி மார்பிள் போடலாமா?

ஹாலில் போடுங்கள். சமையல் மேடையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்து பத்து நிமிடம் இருந்தாலே பளபளப்பு போய் வெள்ளைத் தழும்பு நிற்கும், மஞ்சள் கறையும் இறங்கிவிடும். அங்கே கிரானைட் போதும்.

ஹாலின் படம் அனுப்பியிருக்கிறேன். வீடு எப்படி?

படத்தில் சோபாதான் தெரிகிறது. சர்வே எண், ரேரா பதிவு எண், யு.டி.எஸ். (நிலத்தில் உங்களுக்குச் சேரும் பங்கு), கார்பெட் ஏரியா நான்கையும் எழுதி அனுப்புங்கள்.