விலை உயர்ந்த இசைத்தட்டு தேவையா?

கேள்வி: எஸ்.எச்.எம். சிடி, எஸ்.ஏ.சி.டி. போன்ற விலை உயர்ந்த தட்டுகளில் இசை, சாதாரண சிடியைவிட மேம்பட்டு ஒலிக்குமா?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. எஸ்.எச்.எம். சிடி உயர்தரப் பாலிகார்பனேட்டால் ஆனதே தவிர, அதில் பதிந்திருப்பது நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்தெடுத்த மாதிரிகளும், ஒவ்வொன்றுக்கும் 16 பிட்டும் கொண்ட அதே சிடித் தரவுதான். பழுதில்லாத சாதாரணத் தட்டிலிருந்தும் அது பிசகின்றிக் கிடைத்துவிடுகிறது. 1999இல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்த எஸ்.ஏ.சி.டி. (சூப்பர் ஆடியோ சிடி) உண்மையிலேயே வேறு வடிவம்; சிடியைவிட நுணுக்கமாக ஒலியைப் பதிவது. ஆயினும், ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் 2007இல் வெளியான சோதனையில், அத்தகைய உயர்தர ஒலியையும், அதையே சிடி தரத்துக்குக் குறைத்த ஒலியையும் எது எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்தபோது, 554 முறைகளில் 276 முறையே கேட்டவர்கள் சரியாக இனங்கண்டனர். நாணயத்தைச் சுண்டினாலும் ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கும். சில எஸ்.ஏ.சி.டி.கள் கூடுதல் இனிமையோடு ஒலிப்பதற்கு, அவற்றின் மாஸ்டரிங் (தட்டில் பதியுமுன் ஒலியை இறுதியாகச் சீராக்கும் வேலை) மிகுந்த அக்கறையோடு செய்யப்பட்டிருப்பதே பெரும்பாலும் காரணம் என்பதால், வாங்குமுன் அந்தப் பதிப்பின் மாஸ்டரிங்கைப் பற்றி விசாரியுங்கள்.