மூட்டுவாதம் உள்ளவர்கள் பிள்ளை பெறலாமா? வன்னிச் சகோதரிகளின் கேள்விகளுக்குப் பதில்

பல வருடம் மூட்டுவாதக் கிளினிக்கில் தாதியாக இருந்தவள் நான். இந்தக் கிழமை வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒட்டுசுட்டான் தங்கச்சி: கலியாணமாகி ஆறு மாதம். மூட்டுவாதத்துக்குக் கிழமைக்கொருக்கா மெதோட்ரெக்சேட் குளிசை எடுக்கிறேன். மாமி பிள்ளை எப்போ என்று கேட்கிறா. குளிசையை விடட்டுமா அக்கா?

நீங்களாக விடவேண்டாம் தங்கச்சி. ஆனால் அந்தக் குளிசையோடு கர்ப்பம் தங்கவும் கூடாது. கரு கலையலாம், பிள்ளைக்கு உறுப்புக் குறைபாடும் வரலாம். பிள்ளை வேண்டும் என்று முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் சல்பாசலசீன், ஹைட்ரொக்சிகுளோரோகுயின் போன்ற, கர்ப்பத்திலும் எடுக்கக்கூடிய மருந்துக்கு மாற்றுவார். மெதோட்ரெக்சேட்டை நிறுத்தி ஒன்று முதல் மூன்று மாதம் பொறுக்கவேண்டும். அதுவரை குடும்பக் கட்டுப்பாடு அவசியம். போலிக் அசிட் என்ற விற்றமின் குளிசையை விடாதீர்கள். நோய் அடங்கியிருக்கும்போது கர்ப்பமானால்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. மாமிக்கு இதை அப்படியே சொல்லுங்கள், விளங்கிக்கொள்வா.

முழங்காவில் தங்கச்சி: தெரியாமல் அதே குளிசை எடுத்துவிட்டேன். இப்போது ஆறு கிழமை. பயமாக இருக்கிறது.

அழவேண்டாம் அம்மா. மெதோட்ரெக்சேட்டை இன்றோடு நிறுத்துங்கள், போலிக் அசிட்டைத் தொடருங்கள். அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் பார்த்திருக்காமல் நாளைக்கே கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடும்பநல மாதுவிடமும் மறைக்காதீர்கள். இப்படி எடுத்த எல்லோருக்கும் பிள்ளை பாதிக்கப்படுவதில்லை. ஸ்கான் பார்த்து வைத்தியர் சொல்வார்.

தருமபுரம் அக்கா: வயிற்றில் பிள்ளை வந்தால் மூட்டுநோ குறையும் என்கிறார்களே?

பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குறைவது உண்மை. பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க வைத்தியர் 1930களிலேயே இதைக் கவனித்தார். அந்தத் தேடல்தான் கோர்ட்டிசோன் மருந்துக்கும் 1950இல் நோபல் பரிசுக்கும் கொண்டுபோனது. ஆனால் பிள்ளை பிறந்து முதல் சில மாதங்களில் பலருக்கு நோ திரும்பக் கிளம்பும். காலை விறைப்போடு கிணற்றில் தண்ணி அள்ளி, பிள்ளையையும் தூக்குவது லேசில்லை. அந்த மாதங்களுக்கு யார் துணை என்று எட்டாம் மாதத்திலேயே பேசி வையுங்கள். சரக்குக்கறி சமைக்க மட்டும் ஆள் வந்தால் காணாது.

மாங்குளம் தங்கச்சி: நோவுக்கு டைக்ளோபினாக் போடலாமா?

கடையில் நீங்களாக வாங்கிப் போடவேண்டாம். கர்ப்பத்தில் 20 கிழமைக்குப் பிறகு பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், கடைசி மூன்று மாதம் அறவே கூடாது. பரசிட்டமோல் அளவோடு எடுக்கலாம்.

நெடுங்கேணி தங்கச்சி: மூட்டு வீக்கத்துக்குத் தந்த பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரோயிட் குளிசை எடுத்துக்கொண்டு பால் கொடுக்கலாமா?

குறைந்த அளவென்றால் தாராளமாகக் கொடுங்கள். மெதோட்ரெக்சேட்டை மட்டும், பால் கொடுக்கும் காலம் முடியும்வரை தொடவேண்டாம்.