புது மெத்தை, பழைய படகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒக்டோபரில் படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கி யார்டில் வைக்கத் தொடங்கினால் போதும், விற்பனை விளம்பரங்கள் குவிந்துவிடும். பின்னாலேயே எனக்குக் கடிதங்களும் வரும். இந்த முறை வந்தவை எல்லாமே ஒன்ராறியோ ஏரிக்கரையில் விலைக்கு வந்திருக்கும் பழைய பைபர்கிளாஸ் பாய்ப்படகுகளைப் பற்றியவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: 1978-ல் கட்டிய 30 அடி சி அண்ட் சி படகு. 11,000 டொலர் கேட்கிறார்கள். மெத்தை, சார்ட்பிளாட்டர் (வழிகாட்டும் வரைபடத் திரை), ஸ்டீரியோ, சோலர் பனல் எல்லாம் புதிது. டெக்கில் (மேல்தளத்தில்) மட்டும் மாஸ்டுக்கு (பாய்மரத்துக்கு) முன்னால் ஓரிடம் கால் வைத்தால் அமுங்குகிறது. "பழைய படகென்றால் அப்படித்தான்" என்கிறார் உரிமையாளர். வாங்கலாமா? (பிக்கரிங்)

பதில்: அப்படித்தான் என்று ஒன்றும் இல்லை. வயதாவதால் மட்டும் டெக் மெத்தென்று ஆகிவிடாது. பெரும்பாலும் அதன் உள்ளே இருக்கும் மரம் உளுத்துப் போயிருக்கும்.

இது எனக்குப் பழைய எரிச்சல், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். அந்தக் காலத்துப் படகுகளில் பெரும்பாலானவற்றின் டெக் முழுக்க பைபர்கிளாஸ் அல்ல. மேலே ஒரு மெல்லிய தகடு, கீழே ஒரு மெல்லிய தகடு, நடுவில் பால்சா மரத்துண்டுகள். வேஃபர் பிஸ்கட் மாதிரி. பாரமும் குறையும், வளையவும் வளையாது. கெட்டிக்கார ஏற்பாடுதான். மரம் ஈரம் படாமல் இருந்தால் 50 வருடமும் தாங்கும். அதைக் கெடுப்பது ட்ரில்லும் கையுமாக அலையும் உரிமையாளர்கள்.

படகை வாங்கிய கையோடு ஏதாவது ஒன்றை டெக்கில் பூட்டியே ஆக வேண்டும் அவர்களுக்கு. அன்டெனா, சோலர் பனல், குவளை வைக்கிற வளையம். ஒரு துளை, அதில் கொஞ்சம் சிலிக்கன், ஒரு போல்ட், வேலை முடிந்தது. சில குளிர்காலங்களில் சிலிக்கன் பிடி விட்டுவிடும். மழைத்தண்ணீர் போல்டைப் பிடித்துக்கொண்டு பால்சாவுக்குள் இறங்கும். நம் ஊர்க் குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து, விரிந்து, தகட்டிலிருந்து மரத்தைப் பிரிக்கும். ஏப்ரலில் உருகி இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். அடுத்த குளிருக்கு மறுபடி உறையும். இப்படியே போனால் நடுவில் மிஞ்சுவது கறுத்த சேறுதான்.

செய்ய வேண்டிய முறை ஒன்றும் இரகசியமில்லை. துளையைப் பெரிதாகப் போட்டு, சுற்றியுள்ள மரத்தைச் சுரண்டி எடுத்து, எபொக்சிப் பசையால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் போல்டுக்குத் துளையிட வேண்டும். பிறகு மேலே கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. கூடுதலாக ஒரு பின்னேர வேலை, அவ்வளவுதான். அந்தப் பொறுமை இல்லாதவர்தான் விற்கும்போது விளம்பரத்தில் "ஏராளமான அப்கிரேட்" என்று எழுதுகிறார். அந்தப் பட்டியல் நீள நீள எனக்கு வயிறு கலங்கும். எத்தனை புதுப் பொருள் பூட்டியிருக்கிறதோ, அத்தனைக்கும் துளை போட்டிருக்கிறார் என்றுதான் நான் கணக்குப் போடுவேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் டெக் முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் "டக் டக்" என்று கணீரென ஒலிக்கும். கெட்ட இடம் "தொப்" என்று அடங்கிப்போகும். கைப்பிடிக் கம்பிகளின் அடி, கயிறு கட்டும் கொளுக்கிகள், மாஸ்டின் அடி, ஜன்னல் ஓரம், மாஸ்டைத் தாங்கும் வயர்களின் பட்டைகள் டெக்கைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடம், எதையும் விடாதீர்கள். கெட்ட இடங்களை மாஸ்கிங் டேப்பால் குறியுங்கள். உரிமையாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். பிறகு உள்ளே போய், அதே இடங்களுக்கு நேர் கீழே தேநீர்க் கறை மாதிரி ஏதாவது வடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளங்கை இரண்டளவுதான் கெட்டிருக்கிறது என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மாஸ்டிலிருந்து முன்மூக்கு வரை "தொப்" என்றால் மேல்தகட்டை அறுத்து, மரத்தை வழித்து, புதிதாகப் போட வேண்டும். யார்டில் கொடுத்தால் கூலியே படகின் விலையைத் தாண்டக்கூடும். மெத்தையையும் ஸ்டீரியோவையும் விலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: கொன்டெஸா 32 வகைப் பாய்ப்படகு ஒன்று கிடைக்கிறது. 1979 ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் போட்டியில் அடித்த புயலையே தாண்டிய வகை. இதற்கும் சர்வே (வாங்குமுன் நிபுணர் செய்யும் சோதனை) வேண்டுமா? (ஓக்வில்)

பதில்: அந்தப் போட்டியை முடித்தது "அசென்ட்" என்ற கொன்டெஸா. உங்களுக்கு விற்கப்போவது வேறொரு படகு. சர்வே வேண்டும்.

கேள்வி: நான் போவதற்கு முன்பே உரிமையாளர் என்ஜினைப் போட்டு, சூடாக்கி, தயாராக வைத்திருந்தார். நல்ல மனிதராகத் தெரிகிறது. (அஜெக்ஸ்)

பதில்: நல்ல மனிதராகவே இருக்கட்டும். பழைய டீசல் என்ஜினின் குணம் குளிர்ந்திருக்கும்போது கிளப்பினால்தான் தெரியும். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லி, தொடாமல் வைத்திருக்கக் கேளுங்கள். போனதும் முதல் வேலையாக என்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பி வாருங்கள். குளிர்ந்திருந்தால் கிளப்பச் சொல்லிவிட்டுப் புகையைப் பாருங்கள். விடாமல் நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. பாரம் கொடுத்ததும் கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் கூடிப்போகிறது. வெள்ளையாக வந்து சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் மெக்கானிக் ஒருவர் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

கேள்வி: சென்ற ஜனவரியில் 14,500 டொலருக்கு வாங்கினேன். "டெக் முழுக்கக் காய்ந்தது" என்று விளம்பரத்திலேயே இருந்தது. விற்றவர் தனக்குத் தெரிந்த ஒருவரை வைத்து எடுத்த சர்வே அறிக்கையும் கொடுத்தார். அதிலும் அப்படியே. மே மாதம் உட்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. டெக் இப்போது நாலு இடத்தில் அமுங்குகிறது. போன வாரம் ஒரு அலமாரியின் அடியில் பழைய சர்வே ஒன்று கிடைத்தது. டெக் ஈரம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. விற்றவருடைய பெயருக்கே எடுத்தது. 61 வயதில் ஏமாந்த வெட்கத்தில் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. (ஸ்காபரோ)

பதில்: அண்ணை, வெட்கப்பட வேண்டியது நீங்கள் அல்ல. முதலில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், இனி வரும் கடிதப் போக்குவரத்துக்கு ஆள் வேண்டும்.

ஜனவரி சர்வே ஏன் பொய் சொன்னது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஈரமானி தண்ணீரைத்தான் கண்டுபிடிக்கும். உறைந்துபோனால் காய்ந்த மரத்தைப் போலவே காட்டிவிடும். தட்டிப் பார்த்தாலும் பனிக்கட்டி நிரம்பிய மரம் கணீரென்றுதான் ஒலிக்கும். அதனால்தான் நல்ல சர்வேயர் உறைநிலையில் டெக்கின் ஈரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டார், சொல்ல முடியாது என்று அறிக்கையிலேயே எழுதிவிடுவார். உங்களுக்குத் தந்த அறிக்கையில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அலமாரிக்கு அடியில் கிடைத்தது பொன். தனியார் விற்பனையில் "உள்ளது உள்ளபடி" என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும், தெரிந்தே சொன்ன பொய்க்கு அது கவசம் ஆகாது. அந்த அறிக்கையைப் படமெடுத்து வையுங்கள். விளம்பரத்தின் பிரதி, அவர் அனுப்பிய மின்னஞ்சல்கள், குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேருங்கள். நீங்களே ஒரு சர்வேயரை அமர்த்தி, பழுதுபார்க்க ஆகும் செலவை எழுத்தில் வாங்குங்கள். அது கைக்கு வரும் வரை எதையும் அறுத்துப் பார்க்க வேண்டாம். பிறகு விற்றவருக்கு ஒரு கடிதம், கெடு வைத்து. அசையாவிட்டால் ஸ்மோல் கிளைம்ஸ் கோர்ட், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம். உங்கள் தொகை அதன் வரம்புக்குள்தான் வரும். ஒன்ராறியோவில் இப்படியான வழக்குகளுக்குப் பொதுவாக, விஷயம் தெரியவந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் காலக்கெடு. தள்ளிப்போடாதீர்கள். போகுமுன் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். முடிவை எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: 3,000 டொலர் இ-டிரான்ஸ்ஃபர் செய்துவிட்டேன், வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று. படகை இன்னும் நேரில் பார்க்கவில்லை, படங்கள் மிக அழகு. ஒப்பந்தம் ஒன்றும் எழுதவில்லை. இப்போது நல்ல சர்வேயர் யாரையாவது சொல்ல முடியுமா? (பிரம்டன்)

பதில்: தம்பி, இதே கேள்வியை மூவாயிரத்தை அனுப்பும் முன் கேட்டிருக்கக் கூடாதா?

முன்பணம் கொடுக்கும் முறை வேறு. விலையில் பத்து வீதம் அளவு, புரோக்கர் இருந்தால் அவருடைய டிரஸ்ட் கணக்கில். "சர்வேயும் தண்ணீரில் சோதனை ஓட்டமும் எனக்குத் திருப்தியாக இருந்தால் மட்டும் வாங்குவேன், இல்லையென்றால் பணம் முழுதும் திரும்ப வேண்டும்" என்று எழுத்தில். குளிர்காலத்தில் வாங்கினால் ஒரு பகுதித் தொகையை வசந்தத்தில் படகு இறங்கி என்ஜின் ஓடும் வரை நிறுத்திவைக்கலாம். இன்றைக்கே விற்பவருக்கு இந்த நிபந்தனைகளை எழுதி, ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். அவர் சம்மதித்தால் உங்கள் அதிர்ஷ்டம். சர்வேயர் பெயரை இந்தப் பத்தியில் நான் சொல்வதில்லை. உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி யாருடைய அறிக்கையை ஏற்கும் என்று அவர்களிடமே கேளுங்கள். விற்பவரோ அவருடைய புரோக்கரோ சிபாரிசு செய்யும் ஆள் மட்டும் வேண்டாம். அப்புறம், சர்வேயர் பொதுவாக மாஸ்டில் ஏற மாட்டார், என்ஜினைப் பிரிக்க மாட்டார். அந்த இரண்டுக்கும் தனித்தனி ஆட்கள் வேண்டும்.

கேள்வி: மாஸ்ட் வயர்கள் 1985-ல் போட்டவை. நன்னீர் ஏரி என்பதால் துருப்பிடிக்காது, மாற்றத் தேவையில்லை என்கிறார்கள். (கிங்ஸ்டன்)

பதில்: பாதி உண்மை. உப்பு இல்லாததால் வயர் அதிக காலம் நிற்கும். ஆனால் காற்றில் இழுபட்டு இழுபட்டு உலோகம் சோர்வதற்கு உப்பு தேவையில்லை. வயரின் நுனிகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தாலும் எல்லாமே போக வேண்டியதுதான். வயர்களைப் பிடித்திருக்கும் பட்டைகள் டெக்குக்குள் மறைந்திருக்கும் இடம் இன்னும் மோசம். துருப்பிடிக்காத எஃகு காற்றுப் படாத ஈரத்தில்தான் இரகசியமாக அரிபடும். ஒரு பட்டையையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நாற்பது வருட வயருக்கு இன்சூரன்ஸ்காரர் சும்மா தலையாட்டுவார் என்றும் எண்ண வேண்டாம். மாற்றும் செலவை விலையிலிருந்து கழியுங்கள்.

கேள்வி: கீலும் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாரமான பகுதி) அடிப்பகுதியும் சேரும் இடத்தில் முன்பக்கம் ஒரு வெடிப்பு. "சி அண்ட் சி ஸ்மைல்" என்று சிரிக்கிறார்கள். பயப்பட வேண்டுமா? (மிசிசாகா)

பதில்: மெல்லிய கோடாக இருந்தால் பெரும்பாலும் பூச்சு வெடிப்புத்தான். கீல் போல்ட்களைச் சரியான விசையில் முறுக்கி, புதிதாகப் பூசினால் அடங்கும். ஆனால் படகைத் தூக்கி நாட்கணக்கான பிறகும் அங்கே பழுப்பாகத் தண்ணீர் கசிந்தால் போல்ட்கள் அரிபடுகின்றன என்று கொள்ளுங்கள். அடுத்து கீலின் பின்விளிம்புக்கு நேர் மேலே படகுக்குள் பாருங்கள். தரைதட்டினால் அடி அங்கேதான் விழும். குறுக்குச் சட்டங்கள் உடலைவிட்டுப் பிரிந்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். 2014-ல் அட்லாண்டிக்கில் "சீக்கி ரஃபிக்கி" என்ற படகின் கீல் கழன்று நால்வர் இறந்தார்கள். முன்பு தரைதட்டியதும் அதன் பழுதுபார்ப்பும் சேர்ந்து கட்டமைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்பது விசாரணையில் பேசப்பட்டது. ஆகவே "எப்போதாவது தரைதட்டியதா?" என்று கேளுங்கள். எந்த உரிமையாளரும் "சேறுதான், மெதுவாகத்தான்" என்பார். சேறா பாறையா என்பதைக் கீலின் அடிவிளிம்பு சொல்லும்.

கேள்வி: அடியில் காசளவில் கொப்புளங்கள். ஒன்றைக் குத்தியதும் புளித்த வாசனையோடு நீர் வந்தது. நன்னீரில் கொப்புளம் வராது என்றார்களே? (ஹமில்டன்)

பதில்: தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள். நன்னீர்தான் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சைத் தாண்டி இன்னும் சுலபமாக உள்ளே போகும். வினிகர் வாசனை அந்தத் தண்ணீர் பைபர்கிளாஸில் உள்ள ரெசின் பிசினோடு வேலை செய்ததற்கு அடையாளம். பதறாதீர்கள், கொப்புளத்தால் மூழ்கிய படகு அபூர்வம். பத்துப் பன்னிரண்டு என்றால் தேய்த்து, காயவைத்து, எபொக்சி வையுங்கள். அடி முழுக்க என்றால் உரித்துக் காயவிட வேண்டும். அதற்கு மாதங்கள் போகும். பணமும் போகும். விட்டுவிட்டு வேறு பாருங்கள்.

கேள்வி: மெரீனாவில் கைவிடப்பட்ட 27 அடிப் படகை ஒரு டொலருக்குத் தருகிறார்கள். (விட்பி)

பதில்: ஒரு டொலர் அதிகம். யார்டுக்குச் சேர்ந்த வாடகைப் பாக்கி படகோடு வரலாம். நாளைக்கு உடைத்து அகற்றும் செலவும் பொறுப்பும் உங்கள் தலையில். கனடாவில் 2019 முதல் படகைக் கைவிடுவதே சட்டவிரோதம்.

கேள்வி: பை நிறைய ஐந்து பாய்கள் சேர்த்துத் தருகிறார். லாபம்தானே? (மார்க்கம்)

பதில்: விரித்துப் பார்த்தீர்களா? படத்தைப் பார்த்து நானும் ஒரு ஜெனோவா (பெரிய முன்பாய்) வாங்கினேன், "ஒரு சீசன்தான் பாவித்தது" என்று. தையல் ஓரத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினேன், விரல் மறுபக்கம் வந்துவிட்டது. இப்போது அது என் கராஜில் ஸ்னோபுளோவரை மூடியிருக்கிறது. அதே ஆள் தள்ளிவிட்ட ரப்பர் தோணியின் ஒட்டு வெயிலில் விட்டுப்போன கதை இன்னொரு நாள். புல்தரையில் ஐந்தையும் விரித்து, தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் பொடிந்தால் விலையில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: 1974 படகு, அடொமிக் 4 பெட்ரோல் என்ஜின். உள்ளே இறங்கினால் லேசாகப் பெட்ரோல் வாசனை. பழகிவிடும் என்கிறார் விற்பவர். இதை உள்ளே இருந்தபடியே எழுதுகிறேன். (போர்ட் கிரெடிட்)

பதில்: பெட்ரோல் ஆவி காற்றைவிடப் பாரம். படகின் அடியில் தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள். மற்றதைக் கரையில் நின்று எழுதுங்கள்.