கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கிறேன், இப்போது நவம்பர் கடைசி. போன கோடையில் போட்ட சரளைப் பாதையில் டிராக்டரின் பின்னால் மாட்டும் பிளேடால் பனி தள்ளினால் கல்லெல்லாம் புல்வெளிக்குப் போகிறது. பிளேடை எப்படி வைக்க வேண்டும்?

ஒன்டாரியோ, நவம்பர் கடைசி, போன கோடையில் போட்ட சரளை என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அதிலேயே தெரிகிறது: அடியில் மண் இன்னும் உறையவில்லை. உறையாத சரளையில் பிளேடை எப்படி வைத்தாலும் கல் வரத்தான் செய்யும். அதைக் குறைக்கத்தான் முடியும்.

அதனால் முதல் சில பனிப்பொழிவுகள் 3, 4 அங்குலத்துக்குள் இருந்தால் பிளேடைத் தொடவே வேண்டாம். டிராக்டரையோ காரையோ முன்னும் பின்னும் ஓட்டி, பாதை முழுக்கச் சக்கரத் தடம் விழும்படி அமுக்கி விடுங்கள். பொலபொலவென்று கிடக்கும் பனி கம்பளி போர்த்தியது போல மண்ணின் சூட்டை அடக்கி வைக்கும். வெளியே மைனஸ் 15 என்றாலும் அடியில் சேறு சேறாகவே இருக்கும். அமுக்கிவிட்டால் குளிர் கீழே இறங்கி மண் இறுகும், மேலே 1 முதல் 2 அங்குலத்துக்குக் கெட்டித் தளம் கிடைக்கும். பிறகு குளிர்காலம் முழுக்க நீங்கள் தள்ளுவது அந்தத் தளத்தின் மேல்தான். வழுக்குமே என்பீர்கள். மணல் தூவுங்கள். உப்பு மட்டும் வேண்டாம், தளம் இளகிவிடும்.

மண் இறுகுவதற்குள் ஒரே ராத்திரியில் 10 அங்குலம் கொட்டிவிட்டால் தள்ளித்தான் ஆக வேண்டும். அப்போது கோணம் மாற்றும் பின்னை (பூட்டு ஊசியை) கழற்றி, பிளேடை 180 டிகிரி திருப்பி மாட்டுங்கள். வளைந்த முதுகு முன்னால் வரும், வெட்டு விளிம்பு பின்னால் இழுபடும். மண்ணைக் கவ்வாமல் மேலே வழுக்கிக்கொண்டு போகும். திருப்ப முடியாத பிளேடு என்றால் டாப் லிங்க்கை, அதாவது பிளேடின் மேல்பகுதியை டிராக்டரோடு இணைக்கும் நீளம் மாற்றக்கூடிய கம்பியை, குட்டையாக்குங்கள். பிளேடின் தலை டிராக்டர் பக்கம் சாயும், விளிம்பு கவ்வுவது குறையும். டாப் லிங்க்கை நீளமாக்கினால் நேர் எதிர், விளிம்பு தோண்டும். கோடையில் பாதையைச் சமன் செய்யத்தான் அது உதவும்.

தூக்கி இறக்கும் லிவரை வைத்தே பிளேடை 1 அங்குல உயரத்தில் பிடித்துவிடலாம் என்று சிலர் வாதாடுவார்கள். கான்கிரீட் போலச் சமமான தரையில் முடியும். சரளையில் முன் சக்கரம் ஒரு மேட்டில் ஏறினாலே பின்னால் தொங்கும் பிளேடு கீழே இறங்கிக் குத்தும். அதனால் பிளேடுக்குத் தரையிலேயே ஒரு தாங்கல் வேண்டும். ஸ்கிட் ஷூ, அதாவது பிளேடில் போல்ட்டால் மாட்டும் சறுக்குப் பாதம், இறுகிய பாதைக்குச் சரி. விளிம்புக்கு அடியில் 1 அங்குலப் பலகை இரண்டை வைத்து பிளேடை இறக்கி, ஷூ தரையைத் தொடும் அளவில் போல்ட்டை முடுக்குங்கள். இளகிய பாதையில் ஷூவின் சின்னப் பாதம் புதைந்துவிடும்.

அங்கே பைப்தான் வழி. 2 அங்குல ஷெட்யூல் 40 (பைப் சுவரின் தடிமனைக் குறிக்கும் அளவு) இரும்பு பைப், பிளேடின் நீளத்துக்கு. நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டி விளிம்பில் செருக வேண்டும். விளிம்பு அரை அங்குலத் தடிமன் என்றால் பிளவு 5/8 அங்குலம். ஒரே மூச்சில் வெட்டாதீர்கள், உள்ளே இருக்கும் இறுக்கம் விடுபட்டு பைப் கோணிக்கொள்ளும். விட்டு விட்டு வெட்டுங்கள். மூன்று இடத்தில் பட்டை வெல்டு செய்து, வெட்டு விளிம்பின் போல்ட்டுகளோடு சேர்த்து முடுக்குங்கள். இரண்டு முனையையும் அடைத்து, கூர் இல்லாமல் உருண்டையாக்கிவிடுங்கள். திறந்த முனை கரண்டி போட்டு அள்ளுகிற மாதிரி கல்லை அள்ளும்.

பாதையின் நடு மேட்டை இரண்டு சக்கரத்துக்கும் இடையில் விட்டு ஓட்டாதீர்கள், பிளேடின் நடுப்பகுதி அதைச் சீவிவிடும். ஒவ்வொரு பாதியாகத் தள்ளுங்கள், 30 டிகிரி கோணத்தில், மெதுவாக. வேகம் கூடினால் கல் பறக்கும். அந்தக் கோணத்தில் 6 அடி பிளேடு சுமார் 5 அடி 2 அங்குலம்தான் சுத்தம் செய்யும். பின் சக்கரங்களின் வெளி அகலம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் 7 அடி வாங்குங்கள்.

கேட்காததையும் சொல்கிறேன், மனம் பொறுக்கவில்லை. புது வீட்டுப் பாதைக்குக் கழுவிய உருண்டைக் கல்லைக் கொட்டிவிட்டு, ரோலர்கூட ஓட்டாமல் போய்விடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தூள் கலக்காத உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடிக்காது, என்றைக்கும் இறுகாது. கிரானுலர் ஏ போல, தூளோடு சேர்ந்த உடைகல்லைக் கேட்டு வாங்கி, ஈரத்தோடு ரோலர் போடச் சொல்லுங்கள். “நான் பல வருஷமாக பிளேடை முழுக்க இறக்கியே தள்ளுகிறேன், ஒரு கல் வந்ததில்லை” என்பவர்களின் பாதை பெரும்பாலும் அப்படிப் போட்டதாகத்தான் இருக்கும்.

மார்ச்சில் பகலில் மேல் அங்குலம் மட்டும் உருகி, அடியில் உறைந்திருப்பதால் தண்ணீர் வடியாமல் கூழாகும். அப்போது விடியற்காலையில் தள்ளுங்கள். பாதை வாசலில் நகராட்சி வண்டி விட்டுப்போகும் பனி மேட்டை அன்றைக்கே உள்பக்கமாக இழுத்துவிடுங்கள். உறைந்த பிறகு ரிவர்ஸில் மோதினால் பிளேடைத் தாங்கும் கீழ் லிங்க் கம்பி வளையும். எதிர்ப்பக்கத்துக்குச் சாலையைக் கடந்தும் தள்ளாதீர்கள். அனுமதியில்லாமல் சாலையில் பனியைப் போடுவது ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம்.